மூன்றாம் வரிசையில் பச்சைத் தாவணி

என்னுடைய தொடர்கதையில் வரும் சுவரரசனைப் பார்த்துப் பயந்துபோன வாசகர்களுக்கு ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவன் நிஜத்தில் இருக்கிற ஆள். வயது ஐம்பத்து நான்கு. சர்க்கரை உண்டு. கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். பெயர் ராமலிங்கம். முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். வாசலில் தெருநாய் படுத்திருந்தால் அதை எழுப்ப மனமில்லாமல் வண்டியைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போகிற மனுஷர் அவர். அவரைத்தான் நான் எண்பத்து மூன்று அத்தியாயங்களாக வில்லனாக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பாவத்தைக் கொஞ்சமாவது கழுவத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜஹபர் நிஷா. பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பஸ்ஸிலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் கைபேசியில் கதை எழுதுவேன். 'பவழக்கதவு' என்று பெயர். கடலுக்கு அடியில் ஒரு நாடு, அதற்கு ஏழு வாசல், வாசலுக்கு ஒரு பூதம், இந்த மாதிரி போகும். அதில் சுவரரசன் ஒரு படப் பைத்தியம். வீடு வீடாகப் போய்ப் படம் சேர்ப்பான். யாருடைய படம் அவன் சுவரில் ஏறுகிறதோ, அவர்கள் அப்புறம் அந்த நாட்டின் எல்லையைத் தாண்ட முடியாது. கற்பனை பிரமாதம் என்று பாராட்டுகிறார்கள். பூதங்கள் என் கற்பனைதான், ஒத்துக்கொள்கிறேன். சுவர் மட்டும் எங்கள் மாடியில் இருக்கிறது.

ராமலிங்கம் அண்ணன் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். ஊரில் எல்லார் வீட்டுக்குள்ளும் கேள்வி கேட்காமல் நுழைகிற ஆட்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அதில் இவர் ஒருவர். மீட்டர் பெட்டியை யாரும் நடுக்கூடத்தில் வைப்பதில்லை. மாடிப்படிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒட்டடை தொங்கும் மூலையில் இருக்கும். வீட்டுக்கு வேண்டாத சாமான்களும் அங்கேதான் போய்ச் சேரும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு மூலையில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த பெரிய படம் ஒன்றை இவர் பார்த்திருக்கிறார். சும்மா வராமல் திருப்பியிருக்கிறார். முண்டாசு கட்டிய ஒரு பெரியவர், உடைந்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முறைத்தாராம்.

"யாரும்மா இவரு?"

"தெரியலீங்க. எங்க மாமனாருக்குச் சித்தப்பான்னு சொல்லுவாங்க. அடுத்த மாசம் வீட்டை இடிக்கப் போறோம். குப்பையில போடவும் மனசு வரல. நீங்க வேணா எடுத்துக்கிட்டுப் போறீங்களா?"

இது ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற தொல்லை என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. சாமி படம் உடைந்தால் அரசமரத்தடியில் சாய்த்துவைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். செத்துப்போன சித்தப்பாவை மரத்தடியில் வைக்க முடியுமா? வைத்தால் போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். வீட்டில் மாட்டினால் யாரென்றே தெரியாதவருக்கு யார் பொட்டு வைப்பது? எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு திருவசனமும் ஒரு காலண்டரும்தான், எங்களுக்கு இந்தப் பிடுங்கல் கிடையாது. அதனாலேயே எனக்கு இதில் ஆர்வம் அதிகம்.

அண்ணன் அந்த முண்டாசுக்காரரை வண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி பார்வதி அக்கா அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைத் தெருவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"ஊருல போனவங்கள எல்லாம் கூட்டியாந்து வெக்க இது என்னா சத்திரமா?"

"ஒருத்தருதானே பார்வதி. மொறைக்கிறாரே தவிர நல்ல மனுஷன் மாதிரி தெரியுது."

ஒருத்தர் இரண்டானார். இரண்டு இருபதானது. மீட்டர்காரர் படம் வாங்கிக்கொள்கிறார் என்கிற செய்தி வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் காப்பிக் கடையாகவும் விடுதியாகவும் மாற மாற, அங்கேயிருந்து வந்த கூட்டம்தான் அதிகம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு சொல்தா, மெடல் எல்லாம் குத்திக்கொண்டு நிற்கிறார். கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்கு யாரோ வர்ணம் தீட்டியதில் உதடு மட்டும் வெற்றிலை போட்ட மாதிரி சிவந்துபோன ஒரு வாத்தியார். கிளியைக் கையில் வைத்திருக்கும் ஒரு அம்மாள், இவர் மட்டும் எண்ணெய் வர்ண ஓவியம். இப்படி இருநூற்றுப் பதினான்கு பேர் எங்கள் மாடி அறையின் நாலு சுவரிலும் இருக்கிறார்கள்.

கிளி அம்மாளை விலைக்குக் கேட்டுச் சென்னையிலிருந்து ஒரு ஓவிய வியாபாரி காரில் வந்தார். "இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று அண்ணன் மாடிக்குப் போனார். ஐந்து நிமிஷம் கழித்து இறங்கி வந்து, "வரலயாம்" என்றார். வியாபாரி என்னைப் பார்த்தார். நான் துணி காயப்போடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. படத்தை வாங்கும்போது, ஆள் எப்படிப் போனார், எப்போது போனார் என்று கேட்க மாட்டார். அது நாகரிகம் இல்லையாம். மாலை போட்டிருக்கிறது, பொட்டு வைத்திருக்கிறது, அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "இவங்களுக்குச் சாப்பிட என்னா புடிக்கும்?" அதைப் படத்தின் முதுகில் எழுதிவைப்பார். தை, ஆடி, புரட்டாசி மூன்று அமாவாசைக்கும் அறையின் நடுவில் ஒரு தலைவாழை இலை போட்டு, அத்தனை பேருக்கும் பிடித்ததில் ஒரு துளி ஒரு துளி வைப்பார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்றால் அந்த ஆளுக்கு டீயும் இரண்டு பட்டர் பிஸ்கட்டும். அன்றைக்குச் சண்டை போட்ட பார்வதி அக்காதான் இப்போது காலை நாலு மணியிலிருந்து சமைப்பது. "உன் சொல்தாவுக்கு ரொட்டி வாங்கியாந்தியா? நெட்டு ரொட்டியா பாத்து வாங்கு, இல்லன்னா மூஞ்ச தூக்கி வெச்சுக்குவாரு" என்று அவர் அதட்டுவதைக் கேட்டால் யார் பைத்தியம் என்று தெரியாது.

சரி, கதைக்கு வருகிறேன். போன வருஷம் என் வாசகர்களுக்கு ஒரு வெறி பிடித்தது. சுவரரசன் எப்படிச் சுவரரசன் ஆனான், முதல் படம் எப்படிக் கிடைத்தது, முன்கதை எழுதுங்கள் அக்கா, எழுதாவிட்டால் படிப்பதை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டல். எழுதினேன். அவன் முதலில் உப்புநாட்டில் வீடு வீடாகப் போய் விளக்குத் திரியை அளக்கிற சாதாரணச் சேவகன். ஒரு வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த படத்தைத் திருப்புகிறான். படத்தில் இருப்பவர் "அப்பாடா, கழுத்து வலித்தது" என்கிறார். அந்த நன்றியில் மயங்கி வீட்டுக்கு எடுத்துப் போகிறான். அப்புறம் ஒவ்வொரு படமும் ஒன்று கேட்கிறது. ஒன்று அவன் நிழலை, ஒன்று அவன் பெயரை, ஒன்று அவன் கண்சிமிட்டலை. கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் சுவரில் இருப்பவர்கள் எல்லோரும் கண்சிமிட்டுகிறார்கள், அவன் மட்டும் சிமிட்டாமல் நிற்கிறான். நானே எழுதிவிட்டு நானே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்படி ஒரு கதை.

அட்டைப்படம் வேண்டுமே. அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டுப்போனது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார், அக்கா மார்க்கெட்டுக்கு. துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய் அறைக்குள் நுழைந்தேன். மதியம் மூன்று மணி. மின்விசிறி நின்றிருந்தது, ஆனாலும் ஒரு படத்து மாலை மட்டும் லேசாக ஆடியது. இருநூற்றுப் பதினான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். கைபேசியைத் தூக்கினேன், ஒரு படம் எடுத்தேன், படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அறையை அவர் யாருக்கும் காட்சிப்பொருளாக்கியதே இல்லை என்று தெரிந்தும் செய்தேன்.

முன்கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. புல்லரிக்கிறது, குலை நடுங்குகிறது, இன்று பாத்ரூமுக்குத் துணையோடுதான் போவேன் என்று நூற்றுக்கணக்கில் கருத்துகள். இரண்டாம் நாள் காலை பஸ்ஸில் வாசித்துக்கொண்டே போனபோது ஒன்று வந்தது.

"அட்டைப்படத்துல மூணாவது வரிசை, ஜன்னல் ஓரம், பச்சைத் தாவணி. அது நான். நான் சாகல. மாலையக் கழட்டுங்க."

வாசகர்கள் அதையும் கதையின் ஒரு பாகம் என்று நினைத்து இதயக்குறிகளைக் கொட்டியிருந்தார்கள். நான் அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அதற்கு அடுத்ததும் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குத் தனியே எழுதிக் கேட்டேன். பதிலுக்கு அதே பச்சைத் தாவணியில் அதே ஸ்டூடியோவில் எடுத்த இன்னொரு படமும், கூடவே கையில் டிபன் டப்பாவோடு அன்றைக்குக் காலையில் எடுத்த படமும் வந்தன. முப்பத்திரண்டு வயது, நல்ல ஆரோக்கியம், அதே மூக்கு.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருட்டுத்தனமாகப் படம் எடுத்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அது அவர் காதிலேயே ஏறவில்லை. விறுவிறுவென்று மாடிக்குப் போனார். பச்சைத் தாவணி முன்னால் நின்றார். கழுத்தில் இருந்த சந்தன மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"உயிரோட இருக்கற பொண்ணுக்கு ஆறு வருஷமா படையல் போட்டிருக்கேனே நிஷாம்மா. இதவிடப் பெரிய பாவம் உண்டா?"

"தெரியாம செஞ்சதுதானே அண்ணே."

"தெரியாம செஞ்சா சோறு கீழ எறங்குமா?"

இறங்கவில்லை. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதைவிட மோசம், மற்றவர்கள் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு படமாகக் கிட்டே போய், "இவரு போயிட்டாரா? நிச்சயமா போயிட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்தார். சொல்தா முன்னால் நின்றபோது பார்வதி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அவருக்கு இப்ப நூத்தி முப்பது வயசு இருக்கும். உயிரோட இருந்தா அவரே வந்து ரொட்டி கேப்பாரு. கீழ வாங்க." அப்புறம் குரலைத் தணித்து, "செத்துட்டதா சேதி பரவினா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க. அந்தப் பொண்ணுக்கு ஆயுசு கெட்டிதான், போங்க" என்றார். அண்ணன் கேட்கிற நிலையில் இல்லை. அந்தப் பெண்ணை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்காவிட்டால் அத்தனை படத்தையும் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு, இந்த வேலையையே விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். பெயர் துர்கா. கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். அவள் கதை சுருக்கமானது. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். அப்பா சக்கரபாணி, வில்லியனூர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்து ஒற்றை ஆளாக வளர்த்தார். இவள் கல்லூரி பஸ்ஸில் பழக்கமான கோபிநாத் என்கிற மீனவர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பா அன்றைக்கே தலை முழுகினார். மகளின் ஸ்டூடியோப் படத்துக்குச் சந்தன மாலை போட்டு, செத்துப்போன மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்க முடியாமல் கடையை விற்றுவிட்டு லாஸ்பேட்டைக்குக் குடிவந்தார். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. மீட்டர் பார்க்கப் போன நம் ஆளுக்கும் தெரியாது.

வாசலில் பார்வதி அக்கா ஆலம் கரைத்து வைத்திருந்தார். துர்காவை நிற்கவைத்து மூன்று சுற்றுச் சுற்றி நெற்றியில் இட்டார். அவள் அதற்கே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு மாலை போட்டது தெரியும்க்கா. சொந்தக்காரங்க சொன்னாங்க. ஆனா கம்பெனி பஸ்ஸில உக்காந்து கதை படிச்சிக்கிட்டே போறேன், என் மூஞ்சி என்னையே பாக்குது. பக்கத்து சீட்டு கலைமகள்கிட்ட காட்டினேன். அது அலறின அலறல்ல டிரைவரு பிரேக் போட்டுட்டாரு."

அண்ணன் கைகூப்பியபடி ஓரமாக நின்றிருந்தார். "மன்னிச்சிடும்மா" என்றார்.

"நீங்க எதுக்கு சார் மன்னிப்பு கேக்கறீங்க? மாலை போட்டவரு கேக்கட்டும்." அவள் மாடி முழுவதையும் சுற்றிப் பார்த்தாள். சொல்தாவுக்கு ஒரு சல்யூட் வைத்தாள். கிளி அம்மாளை அவளுக்கும் பிடித்திருந்தது. தன் படத்துக்கு முன்னால் வந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பரவால்ல, நல்ல எடமாத்தான் குடுத்திருக்கீங்க, ஜன்னல் ஓரம். ஆமா, எனக்குப் படையல் என்னா வெச்சீங்க? மீனு வெச்சீங்களா?" என்றாள்.

அண்ணன் தயங்கினார். படத்தை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பி அவள் கையில் கொடுத்தார். முதுகில் அவர் கையெழுத்தில் இருந்தது: கேசரி. முந்திரி போடக் கூடாது. போட்டால் பொறுக்கி ஓரமாக வைத்துவிடும்.

துர்காவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இதை யாரு சொன்னது?"

"உங்க அப்பாதாம்மா. படத்தைக் குடுத்தப்ப கேட்டேன், சொன்னாரு."

"எப்ப?"

"ஆறு வருஷம் ஆவுது."

"அப்ப நான் போயி அஞ்சு வருஷம் ஆயிடுச்சு" என்றாள். கணக்குப் போடுகிற மாதிரி இன்னொரு தடவையும் சொன்னாள். "அஞ்சு வருஷம் கழிச்சி முந்திரிய ஞாபகம் வெச்சிருந்திருக்காரு." அங்கேயே தரையில் உட்கார்ந்து, படத்தை மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. பார்வதி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே கீழே போய் ரவையை வறுக்க ஆரம்பித்தார்.

கேசரி தின்று முடித்த பிறகு துர்கா தெளிவாகப் பேசினாள். அப்பாவைப் பார்க்க இரண்டு முறை போயிருக்கிறாள். கல்யாணமான ஆறாம் மாதம் ஒரு தடவை, பையன் பிறந்து மூன்று மாதத்தில் ஒரு தடவை. இரண்டு தடவையும் அவள் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார். மூன்றாவது தடவையும் சாத்தினால் தாங்கிக்கொள்ள மாட்டேன், அதனால்தான் அப்புறம் போகவே இல்லை என்றாள். அவருக்கு அறுபத்தெட்டு வயது. தனியாக இருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டதாகக் கேள்வி.

"புதன்கிழமை அந்தத் தெரு எனக்கு முறை" என்றார் ராமலிங்கம் அண்ணன். "நான் போனவங்க படத்தை மட்டும்தான் வெச்சிக்கிறது. இதை வெச்சிக்க எனக்கு உரிமையில்ல. வாங்கின எடத்துலயே திருப்பிக் குடுத்துடறேன். நீ வரணும்னா வா. வராட்டாலும் நான் குடுத்துடுவேன்."

"கதவைச் சாத்திட்டாருன்னா?"

"மீட்டரு உள்ளதானே இருக்குது. எனக்குச் சாத்த முடியாது."

புதன்கிழமை நான் கடைக்கு லீவு போட்டேன். உனக்கென்ன வேலை அங்கே என்று கேட்கலாம். ஆரம்பித்துவைத்தது நான், முடிவைப் பார்க்காமல் என்னால் கண்ணாடி விற்க முடியாது. பத்து மணிக்கு லாஸ்பேட்டையில் அந்தத் தெருவுக்குப் போனோம். துர்கா இரும்புக் கதவுக்கு வெளியே, வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பஸ்ஸில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள் இப்போது முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

அண்ணன் முதலில் மீட்டர் பார்த்து எழுதினார். வேலையில் அவர் அப்படித்தான். அப்புறம் துண்டில் சுற்றியிருந்த படத்தை எடுத்து, வாசல் நடைக்கு வந்து நின்ற சக்கரபாணியிடம் நீட்டினார். ஒடிசலான மனிதர், மேல்சட்டை இல்லை, சோடாபுட்டிக் கண்ணாடி. ஒரு காது கம்பி உடைந்து நூலால் கட்டியிருந்தது. என் தொழில் புத்தி, கண் அங்கேதான் முதலில் போனது.

"ஐயா, தப்பு நடந்துபோச்சு. நான் போனவங்க படத்தை மட்டும்தான் வாங்கறது. இதைத் தெரியாம வாங்கிட்டேன். நீங்களே எடுத்துக்குங்க."

அவர் படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். விரலால் கண்ணாடியைத் தடவினார். கழுத்து இருக்கிற இடத்தில் விரல் நின்றது. தலையை நிமிர்த்தினார். அண்ணனின் தோளுக்கு மேலாக, வேப்பமரத்துப் பக்கம் அவர் பார்வை வந்தது. எத்தனை மங்கிய கண்ணாக இருந்தாலும் மகளைத் தெரியாமல் போகுமா? ரொம்ப நேரம் பார்த்தார். துர்கா அசையவில்லை. கதவைச் சாத்தப்போகிறார் என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாலை எங்க?" என்று கேட்டார்.

அண்ணனுக்குப் புரியவில்லை. "என்னாங்க?"

"இதுல மாலை இருந்துச்சே. எங்க?"

"கழட்டிட்டேன். பையிலதான் இருக்கு. எங்க போடறதுன்னு தெரியல."

"யாரைக் கேட்டுக் கழட்டின? எடு. எடுத்துத் திருப்பிப் போடு."

இந்தப் பதினைந்து வருஷக் குடித்தனத்தில் ராமலிங்கம் அண்ணன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். "உயிரோட நிக்கற பொண்ணு முன்னாடி அதைப் போடச் சொல்றீங்களே, நீங்கல்லாம் ஒரு அப்பாவா? மாட்டேன். என் கையால போட மாட்டேன். வேலை போனாலும் பரவால்ல." தெருவில் காய்கறி வண்டிக்காரர்கூட நின்று பார்த்தார்.

சக்கரபாணி கோபப்படவில்லை. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போட்டது நான்தான்யா. நான்தான் கழட்டணும். நீ கழட்டினா அது செல்லாது." மூச்சு வாங்கியது அவருக்கு. "அவ அம்மா படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சேன். தெனம் வெளக்கேத்தும்போது அவ அம்மா என்னை மொறைப்பா. அஞ்சு வருஷம் மொறைச்சா. தெனம் கழட்டிடலாம்னு கையைத் தூக்குவேன். வீம்பு, விடல. கழட்டவும் முடியல, பாக்கவும் முடியல. அதான் உன்கிட்ட குடுத்துட்டேன். இப்ப போடு. ஒரே ஒரு தடவை."

அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

துர்கா என் கையை விட்டாள். இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"போடுங்கண்ணே" என்றாள்.

அண்ணன் பையிலிருந்து அந்தச் சந்தன மாலையை எடுத்தார். ஆறு வருஷம் தூசி தட்டித் தட்டிப் பாதுகாத்த மாலை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, படத்தின் மேல் போட்டார். சட்டென்று இரண்டடி பின்னால் வந்துவிட்டார்.

சக்கரபாணி படத்தை மடியில் நிமிர்த்தி வைத்தார். மாலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கினார். அவசரம் அவருக்கு. ஒரு பக்கம் வந்தது, இன்னொரு பக்கம் சட்டத்தின் மூலையில், படத்தின் கண்ணாடி விண்டிருந்த இடத்தில் மாட்டிக்கொண்டது. பார்வை தெரியாமல் வெடுக்கென்று இழுத்தார். நூல் அறுந்து சந்தனச் சீவல் நாலைந்து உதிர்ந்தது. இன்னும் பலமாக இழுக்கப் போனார்.

துர்கா குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெதுவாப்பா" என்றாள். "கண்ணாடி கைய அறுத்துடும்."

அவர் தலையை ஆட்டினார். அவள் பிடித்த கையை விடாமலே, மெதுவாக எடுத்தார்.